அறையும் ஒலியும்: மெத்தை முதல் ஒலிவாங்கி வரை



புது வீட்டிற்குக் குடிபோனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சாமான்கள் வந்து சேருமுன், வெறுங்கூடத்தில் நின்று யாரையாவது கூப்பிட்டால் குரல் சுவருக்குச் சுவர் மோதி முழங்கும். பாயும் மெத்தையும் நாற்காலியும் வந்து, சன்னலுக்குத் திரையும் மாட்டிய பின், அதே குரல் அதே கூடத்தில் அடங்கித் தெளிவாகக் கேட்கும். நம் குரல் மாறவில்லை. கூடம்தான் மாறியிருக்கிறது.

இந்த அனுபவம் மிகப் பழையது. ஆனால் அதை அளந்து கணக்காக்கியது சென்ற நூற்றிருபது, நூற்று முப்பது ஆண்டுகளுக்குள்தான். அந்த வரலாற்றின் கடைசிப் பக்கம் இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை, தவணைக்கு ஒரு 'ஹோம் தியேட்டர்' வாங்கி வருகிறான். ஐந்து ஒலிபெருக்கிகள், கனத்த ஒலிக்கென்று தனியாக ஒரு பெட்டி, அத்தனையையும் இயக்கும் 'ரிசீவர்' ஒன்று. கூடவே சிறியதோர் ஒலிவாங்கி. அதை நடுவில் வைத்தால் கருவி தானே அறையை அளந்து ஒலியைச் சரிசெய்துகொள்ளும் என்கிறார் கடைக்காரர். படம் ஓடுகிறது. வெடிச்சத்தம் வீட்டை அதிரவைக்கிறது. ஆனால் பாட்டி கேட்கிறார்: "என்னப்பா சொன்னான் அவன்? ஒண்ணும் விளங்கலையே!"

கருவியால் ஆவது எது, ஆகாதது எது? இதற்கு விடை வேண்டுமானால் இந்தக் கலை பிறந்த கதையை நாம் கேட்க வேண்டும். அதுவும் இதே கேள்வியில்தான் தொடங்கியது.

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பார்க்க அழகான கட்டடம். ஆனால் அதன் விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. ஒலி நின்ற பிறகும் ஏறத்தாழ ஐந்தரை விநாடி நேரம் அந்த மண்டபம் முழங்கிக்கொண்டே இருந்தது. ஐந்தரை விநாடிக்குள் நாம் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பேசிவிடுவோம். முதற்சொல் அடங்குமுன் பன்னிரண்டாம் சொல் அதன்மேல் வந்து விழுந்தால் காதுக்கு எட்டுவது இரைச்சல்தானே!

இதைச் சரிசெய்யும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட், வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார். சபைனுக்கு அப்போது 27 வயது. இன்றிருக்கும் மின்கருவிகள் எவையும் அவரிடம் இல்லை. ஓர் ஆர்கன் குழல், நேரத்தை அளக்கும் கருவி, தம் இரண்டு காதுகள், இவ்வளவே அவருடைய ஆய்வுக்கூடம்.

ஊர் அடங்கிய இரவு வேளைகளில் அவர் வேலை செய்தார். சாண்டர்ஸ் அரங்கம் என்ற இன்னொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சுமந்து வந்து ஃபாக் மண்டபத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்துவார். முழக்கம் காதுக்கு எட்டாமல் மறையும்வரை நேரத்தைக் குறித்துக்கொள்வார். மேலும் சில மெத்தைகளைப் பரப்பி மறுபடி அளப்பார். விடியுமுன் மெத்தைகளெல்லாம் பழைய இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும். ஓர் ஆள் உள்ளே நின்றாலே அவர் உடுத்தியிருக்கும் துணி ஒலியை உறிஞ்சுகிறது என்பதையும் அவர் கண்டார். ஆகவே அளக்கும்போதெல்லாம் ஒரே விதமான உடையை அணிந்துகொண்டார். எவ்வளவு பொறுமை பாருங்கள்!

மெத்தைகளை நிறையப் பரப்பியதும் ஐந்தரை விநாடி முழக்கம் ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்ற அளவிற்கு இறங்கியது. 1898இல் அவருக்கு விதி புலப்பட்டது. அறை பெரிதாக இருந்தால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பொருள் கூடினால் முழக்கம் குறையும். திறந்த சன்னலை அவர் அளவுகோலாகக் கொண்டார். ஒரு சதுர மீட்டர் சன்னலைத் திறந்துவைத்தால் அதன்மேல் படும் ஒலி முழுவதும் வெளியே போய்விடும். ஒரு பொருள் எத்தனை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமமோ அதுவே அதன் உறிஞ்சும் ஆற்றல்.

கணக்கும் எளியதுதான். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, வந்ததை உறிஞ்சும் ஆற்றலால் வகுத்தால் முழக்கம் எத்தனை விநாடி என்று கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள நம் கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 60. தரையும் சுவரும் வெறுமையாக இருந்து உறிஞ்சும் ஆற்றல் 6 மட்டுமே என்றால் முழக்கம் 1.6 விநாடி. திரை, கம்பளம், மெத்தை எல்லாம் சேர்ந்து அது 20 ஆகிவிட்டால் முழக்கம் அரை விநாடிக்குள் அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுப்பிய பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. உலகின் சிறந்த இசை மண்டபங்களில் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. சபைன் 1919இல் மறைந்தார். உறிஞ்சும் ஆற்றலின் அலகுக்கு 'சபின்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

சபைன் திருத்தியது அறையை. அவருக்குப் பின் வந்தவர்கள் அறைக்குள் அனுப்பும் ஒலியைத் திருத்த முனைந்தார்கள். கோயில் திருவிழாவிலே ஒலிபெருக்கி திடீரென்று 'கூ' என்று கத்துவதை நாம் கேட்டிருக்கிறோம். ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, ஏதோ ஒரு சுருதி மட்டும் பெருகிக்கொண்டே போவதால் வரும் கத்தல் அது. 1960களில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் போனர், பெரிய மண்டபங்களில் எந்தச் சுருதி அப்படிப் பெருகுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் குறைக்கும் மின் வடிகட்டிகளைப் பொருத்தினார். 1967இல் ஆல்டெக் லான்சிங் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த முறையை 'அகூஸ்டா வாய்சிங்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970களில் டால்பி நிறுவனத்தார் இதே வழியைத் திரையரங்குகளுக்குள் கொண்டுசென்றார்கள். மழை இரைச்சல் போன்றதொரு சோதனை ஒலியை அரங்கில் எழுப்பி, ஒலிவாங்கியால் அளந்து, கூடியதைக் குறைத்துக் குறைந்ததைக் கூட்டினார்கள்.

இதற்கெல்லாம் தேர்ந்த ஆட்கள் வேண்டியிருந்தது. 1990களின் இறுதியில் டி.வி.டி. தட்டு பரவியபின், பல ஒலிபெருக்கிகளைக் கொண்ட திரையரங்க ஒலி வீட்டிற்குள் வந்தது. வீடு வீடாக வந்து அளக்க ஆளுக்கு எங்கே போவது? அந்த ஆளின் வேலையை ரிசீவருக்குள் கணினிச் சில்லாக வைத்துவிட்டார்கள். 2000ஐ அடுத்து வந்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்கள் இதில் இறங்கின.

எல்லா நிறுவனங்களின் கருவியும் முதலில் செய்வது ஒன்றே. ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் சோதனை ஒலியை எழுப்பி, ஒலிவாங்கியால் கேட்டு, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று பார்க்கும். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். ஒரு மீட்டர் அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி, விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு முன்னதாக வந்துவிடும். கருவி அதை அவ்வளவு நேரம் தாமதிக்க வைக்கும். இந்த வேலையை எல்லாக் கருவிகளும் நன்றாகவே செய்கின்றன. வேறுபாடு அதற்கு அடுத்த படியில்தான்.

ஜப்பானின் பயனியர் நிறுவனத்தாரின் எம்.சி.ஏ.சி.சி. என்ற முறை, ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குகிறது. யமஹா நிறுவனத்தாரின் ஒய்.பி.ஏ.ஓ. என்ற முறை, எந்தச் சுருதியில் கோளாறோ அந்த இடத்தையே தேடிப் பிடித்துத் திருத்துகிறது. சுவரில் பட்டு உடனே திரும்பும் எதிரொலியையும் அதன் உயர்ந்த மாடல்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

ஆடிசி என்ற நிறுவனத்தைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம்லின்சன் ஹோல்மன், கிறிஸ் கிரியாக்காகிஸ் முதலியோர் 2002இல் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி பெரிதாகத் தோன்றியது. ஓர் இருக்கையில் மட்டும் அளந்தால் அங்கே உட்காருபவருக்குச் சரி. பக்கத்தில் இருக்கும் குடும்பத்தாருக்கு? ஆகவே மாடலுக்கு ஏற்ப மூன்று முதல் எட்டு இடங்கள்வரை ஒலிவாங்கியை வைத்து அளந்து, அவற்றுக்குப் பொதுவான கோளாறுகளைத் திருத்தும் முறையை வகுத்தார்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களின் வழியாக இது பல வீடுகளுக்குப் பரவியது.

சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் 2001இல் தொடங்கிய டிராக் நிறுவனம், ஒலியின் ஏற்ற இறக்கத்தோடு, அது காதை வந்தடையும் நேர ஒழுங்கையும் சேர்த்துத் திருத்த முனைந்தது. எந்த எல்லைவரை திருத்துவது, இறுதியில் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே திரையில் கோடு வரைந்து தீர்மானிக்கலாம். ஆனால் இதற்குக் கணினிப் பழக்கமும் பொறுமையும் வேண்டும். சில ரிசீவர்களில் இதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. டெனான், மராண்ட்ஸ் நிறுவனங்கள் 2023 முதல் சில மாடல்களில் ஆடிசியோடு இதையும் தனிக் கட்டணத்திற்குத் தருகின்றன.

இவற்றுள் எது உயர்ந்தது என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லைகள் இரண்டு உண்டு. வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது அவற்றைத்தான்.

முதலாவது, பள்ளம். கனத்த ஒலி அலைகள் மிக நீளமானவை. 5 மீட்டர் நீளக் கூடத்தில், விநாடிக்கு 34 முறை அதிரும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். சுவரோரத்தில் அது பெருகும். கூடத்தின் நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். பெருகிய மேட்டைக் கருவி எளிதாகச் செதுக்கிவிடும். மறைந்த பள்ளத்தை நிரப்புவது கடினம். நாம் கூடுதலாக அனுப்பும் ஒலியும் அதே இடத்தில் அடிபட்டுப் போகும். பத்து டெசிபெல் பள்ளத்தை நிரப்பப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அதைவிட நாற்காலியை அரை மீட்டர் நகர்த்துவது மேல். அதற்குச் செலவும் இல்லை.

இரண்டாவது, முழக்கம். ஒலிபெருக்கியை விட்டுக் கிளம்பிய குரல் வெறும் சுவரிலும் ஓட்டுத் தரையிலும் பட்டுத் திரும்புவதைப் பெட்டிக்குள் இருக்கும் சில்லு தடுக்க இயலாது. அண்மை ஆண்டுகளில் டிராக் நிறுவனத்தார், ஓர் ஒலிபெருக்கியின் கனத்த ஒலி நீடிப்பதை மற்ற ஒலிபெருக்கிகளைக்கொண்டு அடக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவும் கனத்த ஒலிக்கே பயன்படும். மனிதக் குரலைத் தெளிவாக்குவது இன்றும் சபைனின் மெத்தைதான். கனடாவில் பல்லாண்டு ஆராய்ந்த ஃபிளாய்டு டூல் என்ற அறிஞரும் இதையொட்டிய முடிவுக்கே வந்தார். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை ஆள்வது அறை. அதற்கு மேலே ஒலிபெருக்கியின் தரம்தான் முதன்மை என்பது அவர் கருத்து.

ஆகவே நேயர்களே, பாட்டிக்கு வசனம் விளங்க வேண்டுமானால் வரலாறு சென்ற வழியிலேயே நாமும் செல்வோம். முதலில் அறை. சன்னலுக்குக் கனத்த திரை போடுவோம். ஒலிபெருக்கிகளுக்கும் இருக்கைக்கும் இடையே தரையில் கம்பளம் விரிப்போம். இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாமல் சற்று முன்னே இழுப்போம். வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருவதால், அதை அலமாரிக்குள் புதைக்காமல் முகம் நோக்கி வைப்போம்.

பிறகு கருவி. காற்றாடியை நிறுத்தி, வீட்டில் பேச்சை அடக்கி, ஒலிவாங்கியை உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்துவோம். நாற்காலியின் முதுகில் சாய்த்துவைத்தால் அளவு தவறும். பல இடங்களில் அளக்கும் வசதி இருந்தால் பாட்டி உட்காரும் இடத்தையும் சேர்த்துக்கொள்வோம். எல்லாம் முடிந்தபின் வெடிச்சத்தத்தைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். செய்தி வாசிப்பவரின் குரலைக் கேட்போம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விழுகிறதா என்று பார்ப்போம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு சொல். விலை கூடிய திருத்த முறைக்காக இன்னும் ஆறு மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளுமுன், வீட்டில் இருக்கும் பாயையும் திரையையும் கொண்டு சோதித்துப் பாருங்கள். மாணவர்களுக்கு ஆசிரியரின் சொல் விளங்க வேண்டும் என்பதற்காக ஓர் இளைஞர் இரவெல்லாம் மெத்தை சுமந்தார். அந்த மெத்தையின் பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது.