பனிமலைப் பூவும் பரிசுப் பலகையும்

உயர்ந்த மலையில் பூத்த மலரைக் காண விரும்புவோர் மலையேறிச் செல்வதே முறை. அம்மலையைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டறியாத எளிய மக்கள், அம்மலரையே தம் வீட்டு வாயிலுக்கு வரவழைத்து, ஒரு சாண் மட்சட்டியில் வாழவைத்து, ஊரார் காணப் பலகையேற்றிப் பரிசும் பெற்ற வரலாறு ஒன்று இங்கிலாந்து நாட்டில் உண்டு. மன்னர்களின் போரையும் ஆளுநர்களின் ஆட்சியாண்டுகளையும் மாணாக்கர்க்கு மனப்பாடம் செய்விக்கும் நாம், இத்தகைய சிறு வரலாறுகளைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாட்டு மக்களின் இயல்பை அறிய இவையும் பெரிதும் துணைசெய்யும் என்பது என் கருத்து.

கேமரன் மலையிலிருந்து ஆசையோடு வாங்கிவந்த பூஞ்செடி ஈப்போவின் வெயிலில் பத்தே நாளில் துவண்டு போவதை நம்மில் பலர் கண்டிருப்போம். நான்காயிரம், ஐயாயிரம் அடி இறக்கத்திற்கே இந்நிலை என்றால், மரங்களும் வளர மாட்டாத ஆல்ப்சு மலையுச்சியிலிருந்து இறக்கிய செடியின் நிலை எத்தகையது? நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டனர். அக்குறிஞ்சி தினை விளையும் மலை. தேன் தொங்கும் மலை. ஆண்டில் ஏழெட்டுத் திங்கள் உறைபனிக்கு அடியில் கிடக்கும் மலைமுகடு அன்று. பனி என்னும் ஒரு சொல்லே நமக்குப் புல்நுனித் துளியையும் உறைந்த பாளத்தையும் குறிப்பதால், வகுப்பில் இதனை விளக்குவதற்கு நான் சற்று இடர்ப்பட்டதுண்டு. உயர்மலைச் செடிக்கு அவ்வுறைபனி பகையன்று, போர்வை. அதன் அடியில் செடி காய்ந்த குளிரில் நீரின்றி உறங்கும். பனி உருகியதும் விழித்து, குறுகிய கோடைக்குள் பூத்துக் காய்த்து விதை உதிர்த்துவிடும். காற்றுக்கும் குளிருக்கும் அஞ்சித் தரையோடு தரையாக, திண்டு போல் இறுகி வளரும். இவ்வியல்பை நினைவில் கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும்.

பதினாறாம் நூற்றாண்டில் வியன்னா நகரில் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் தோட்டத்தைப் பேணிய குளூசியசு என்னும் தாவர அறிஞர், ஆல்ப்சு மலைச் செடிகள் பலவற்றைத் தரைநாட்டில் வளர்க்க முயன்றார். பெரும்பாலானவை மடிந்தன. நிலைத்தவற்றுள் ஒன்று ஆரிக்குலா என்னும் சிறு செடி. இஃது இரண்டு மலைச்செடிகள் தாமே கலந்து பிறந்த கலப்பினம் என்பதையும், தைரோல் நாட்டுக் கிசுநிட்சுப் பகுதியில் அது தானாகவே வளர்கின்றது என்பதையும் கெர்னர் என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கண்டு கூறினார். அதற்கு நெடுங்காலம் முன்னரே அச்செடி கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்து, அங்கே எவரும் எதிர்பாராத கைகளை அடைந்திருந்தது.

அக்கைகள் வட இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்களின் கைகள். அயல்நாட்டிலிருந்து அடைக்கலம் புகுந்த நெசவாளரே ஆரிக்குலாவைத் தம் மூட்டையில் கொணர்ந்தனர் என்றொரு கதை வழங்குகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் அதற்குத் தக்க சான்று இல்லை. சான்றுள்ள செய்தியே போதிய அளவு வியப்புக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் லங்காசயர் வட்டாரத்தில் தறியாளர்கள் தம் வீட்டிலேயே தறி போட்டு நெய்தனர். வேலை வீட்டிலேயே நடந்ததால், நூல் அறுந்த இடைவேளையில் எழுந்து சென்று செடியைப் பார்க்க முடிந்தது. மழை தூறினால் ஓடிச்சென்று சட்டியை உள்ளே எடுத்து வைக்க முடிந்தது. ஆரிக்குலாவுக்கு இது மிகவும் தேவை. அதன் இலையிலும் பூவின் நடுவிலும் வெண்மாப் போன்ற பொடி ஒன்று படிந்திருக்கும். ஒரு மழைத்துளி பட்டாலும் அம்மா கரைந்து வழிந்து பூவின் அழகு கெட்டுவிடும்.

வேனில் தொடக்கத்தில் மதுக்கடைக் கூடங்களில் காட்சி நடக்கும். ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்திச் செடியை வைப்பர். செம்புக் கெண்டி ஒன்று முதற் பரிசாகத் தொங்கும். நடுவர்கள் பூவின் வட்டம் பிசகாது அமைந்துள்ளதா, நடுவிலுள்ள வெண்மை தூயதா, அதனைச் சூழ்ந்த கருநிறமும் விளிம்பின் பசுமையும் தமக்குள் அளவொத்து நிற்கின்றனவா என்று கூர்ந்து நோக்குவர். இவ்விலக்கணத்தை வகுத்தவர்கள் பல்கலைக்கழகம் கண்டவர்கள் அல்லர். நூலிழையின் நேர்த்தியை நாள்தோறும் கண்டு பழகிய கண், பூவிதழின் நேர்த்தியையும் அளந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

நீராவித் தறிகள் வந்தன. கைத்தறி ஓய்ந்தது. ஆலைச் சங்கு ஊதியதும் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் தொழிலாளிக்கு நடுப்பகலில் செடியைப் பார்க்க ஏது வழி? புகைக்கூண்டுகளின் கரி வேறு இலைகளை மூடியது. எனினும் அக்கலை முற்றும் மறையவில்லை. எஞ்சிய ஆர்வலர் 1870களின் தொடக்கத்தில் ஆரிக்குலாவுக்கென்றே நாடளாவிய சங்கம் அமைத்தனர். அது இன்றும் காட்சி நடத்தி வருகின்றது.

நெசவாளர் சட்டியில் வளர்த்த காலத்திலேயே செல்வர்கள் மலையையே கட்ட முற்பட்டனர். இலண்டனில் செல்சி மருந்துத் தோட்டத்தில் 1773இல் எழுந்த பாறைமேடு இவ்வகையில் முன்னோடி. இலண்டன் கோபுரக் கோட்டையில் கழித்த கற்களும், ஐசுலாந்திலிருந்து சர் சோசப் பாங்க்சு கொணர்ந்த எரிமலைக் கற்களும் சேர்ந்து அம்மேடு உருவாயிற்று. செசுட்டர் நகரின் அருகில் பிராட்டன் சீமாட்டி, ஆல்ப்சின் சமோனிப் பள்ளத்தாக்கு மலைகளைப் போலவே தம் மாளிகைத் தோட்டத்தில் மலைகள் அமைத்தார். பனிக்கு ஈடாக வெண்கற்களைப் பதித்தார். எல்லாவற்றையும் விஞ்சியது, என்லி நகரில் சர் பிராங்க் கிரிசுப் என்ற வழக்கறிஞர் ஆயிரமாயிரம் டன் பாறைகொண்டு எழுப்பிய மாட்டர்கார்ன் மலை. அதன்மேல் உலோகத்தால் செய்த மலையாடுகளும் நின்றன! அம்மாளிகையைப் பிற்காலத்தில், 1970இல், பீட்டில்சு இசைக்குழுவைச் சார்ந்த சார்ச்சு ஆரிசன் வாங்கினார் என்பது இளைஞர்க்குச் சுவை தரும் செய்தி.

இப்பாறை ஆடம்பரத்தை எள்ளி நகையாடி, செடியே தலைவி, பாறை அவள் தோழி என்று இங்கிலாந்துக்கு உணர்த்தியவர் ரெசினால்டு பாரர். இவர் 1880இல் பிறந்தார். யார்க்சயரில் இங்கிள்பரோ மலையடியில் உள்ள கிளாப்பம் சிற்றூரில் வளர்ந்தார். பிளவுபட்ட மேலண்ணத்தோடு பிறந்ததால் பேச்சுத் தெளிவில்லை. பல அறுவைகளுக்கு உட்பட்டார். பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே கற்றார். வாய் தளையுண்ட சிறுவன் மலைச் சாரலில் தனியே அலைந்து செடிகளோடு பழகினான். பதினான்கு வயதில், கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றில் தன் முதல் பாறைத் தோட்டத்தை அமைத்தான். ஆசிரியராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நன்று. பேச வராத பிள்ளை என்று நாம் கடைசி விசிப்பலகையில் அமர்த்திய எத்தனை பேருக்கு எந்தெந்தக் கற்சுரங்கம் காத்திருந்ததோ!

1907இல் பாரர் வெளியிட்ட ‘என் பாறைத் தோட்டம்’ என்னும் நூல் அத்துறையின் போக்கையே மாற்றியது. மண்மேட்டில் கற்களைச் செங்குத்தாகச் செருகுவதை, வாதுமைப் பருப்புக் குத்திய இனிப்புக்கு அவர் ஒப்பிட்டார். அவ்வாண்டை ஒட்டி இலங்கைக்குச் சென்று அந்நாட்டின் பழம்பெரு நகரங்களைக் கண்டு, புத்த சமயத்தைத் தழுவி, அப்பயணத்தை 1908இல் நூலாகவும் எழுதினார். அவர் பேனா கூரியது. அக்கூர்மை ஒருமுறை குற்றமற்ற நண்பரையும் குத்தியது. பவுல்சு என்னும் மென்மையான தோட்டக்கலைஞர் 1914இல் வெளியிட்ட நூலுக்குப் பாரர் முன்னுரை வழங்கினார். அதில் பெயர் சுட்டாமல் கிரிசுப்பின் மலையைக் கேலி செய்திருந்தார். வெகுண்ட கிரிசுப் பவுல்சைத் தாக்கித் துண்டு நூல் அச்சிட, எலன் வில்மாட் அம்மையார் அதனை அவ்வாண்டுச் செல்சி மலர்க்காட்சி வாயிலில் நின்று வருவோர்க்கெல்லாம் வழங்கினார். வம்பை விளைத்த பாரரோ அப்போது வில்லியம் பர்டம் என்பவரோடு சீனத்தின் கான்சு எல்லையில் செடி தேடிக்கொண்டிருந்தார். 1919இல் அவருடைய பெருநூலான ‘இங்கிலாந்தின் பாறைத் தோட்டம்’ இரு தொகுதிகளாக வெளிவந்தது. அவ்வாண்டே அவர் மேல் பர்மாவுக்குப் பயணமானார். ஓயாத மழையிலும் மூடுபனியிலும் தனியே திரிந்து, நோயுற்று, 1920 அக்டோபர் 17ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். வயது நாற்பது.

பாரர் மறைந்த ஒன்பதாம் ஆண்டில், 1929இல், ‘ஆல்ப்சுத் தோட்டக் கழகம்’ இங்கிலாந்தில் தோன்றியது. சர் வில்லியம் லாரன்சு முதல் தலைவர். ஸ்காத்லாந்து ஆர்வலர் 1933இல் தமக்கெனத் தனிக் கழகம் கண்டனர். இக்கழகக் காட்சியில் தலைசிறந்த செடிக்கு வழங்கும் பதக்கம் பாரர் பெயரையே தாங்கியுள்ளது. காட்சி விதிகள் தேர்வுத் திட்டம் போன்றே அமைந்தவை. புதியோர், இடைநிலையோர், கைதேர்ந்தோர் என மூன்று பிரிவுகள். குறித்த அளவு முதற் பரிசு பெற்றவர் மேற்பிரிவுக்கு ஏறவேண்டும். 19 செண்டிமீட்டருக்கு மேற்படாத சட்டி, 36 செண்டிமீட்டருக்கு மேற்படாத சட்டி எனச் சட்டிக்கும் அளவு உண்டு. ஆறு சட்டிகளை ஒருங்கே வைக்கும் போட்டி கடினமானது. ஆறும் ஒரே நாளில் பூத்து நிற்க வேண்டுமன்றோ? தம் கையால் விதையிட்டு வளர்த்த செடிகளுக்கெனத் தனிப் போட்டியும் உண்டு.

நடுவர் எதனை நோக்குவர்? பூக்களின் எண்ணிக்கையை மட்டும் அன்று. வளர்ப்பதற்கு அச்செடி எவ்வளவு அரியது என்பதையும், மலையில் இருந்த இயல்போடு இங்கும் இருக்கின்றதா என்பதையும் நோக்குவர். உரமூட்டிக் கொழுக்க வைத்த செடி பெரிதாக இருப்பினும் பின்தள்ளப்படும். வறிய மண்ணில் இறுகி வளர்ந்த திண்டே முந்தும். எங்கள் பள்ளித் தோட்டப் போட்டியில் ஒருமுறை, முதல்நாள் மாலை கடையில் வாங்கி வந்த செழுஞ்செடி ஒன்றுக்கு நானே முதற் பரிசு கொடுத்துவிட்டேன். ஓராண்டு முழுதும் நீர் ஊற்றி வளர்த்த சிறுமியின் மெலிந்த செடி மூலையில் நின்றது. உண்மை பின்னர்த் தெரிந்தபோது நான் நாணினேன். அந்நாட்டு நடுவரின் அளவுகோல் அன்று என் கையில் இருந்திருக்கலாம்.

இனி வளர்ப்பு முறை. இங்கிலாந்தின் குளிர்காலம் இச்செடிகளைக் கொல்வது குளிரால் அன்று; ஈரத்தால். மலையில் காய்ந்த பனிக்கு அடியில் உறங்கிய செடியின்மேல் இங்கே மாதக்கணக்கில் மழை சொட்டுகின்றது, வெளிச்சமும் மங்கல். திண்டு அழுகும், தண்டு வெளிறி நீளும். ஆதலின் வெப்பமூட்டாத, நாற்புறமும் காற்று வீசும் கண்ணாடி மனை கட்டினர். உள்ளே மணற்பாத்தி, அம்மணலில் மட்சட்டிகளைக் கழுத்துவரை புதைத்து வைப்பர். நீரைச் செடிக்கு ஊற்றாமல் மணலுக்கு ஊற்றுவர். மண்சட்டியின் சுவர் வேண்டிய ஈரத்தை மட்டும் உறிஞ்சி வேருக்குத் தரும். மண்கலவையில் பாதி கல்துகளாகவே இருக்கும். செடியின் கழுத்தைச் சுற்றியும் கல்துகள் பரப்புவர். வெளிச்சம் ஒருபுறமாகப் படிந்து திண்டு கோணாதிருக்கச் சட்டியைச் சில நாட்களுக்கொருமுறை கால் வட்டம் திருப்புவர். ஈரான், ஆப்கானித்தான் மலைப்பாறைகளில் வாழும் தயோனீசியா இனம் யாவற்றினும் இடர் மிக்கது. மெல்லிய மயிர் அடர்ந்த அத்திண்டில் நீர் தேங்கினால் அழுகல் பரவும். வளர்ப்போர் சிறு இடுக்கிகொண்டு காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பறிப்பர். ஒரு முழ அகலத் திண்டு பதினைந்து, இருபது ஆண்டு உழைப்பாகவும் இருக்கலாம்; ஒரே வாரத்தில் மடியவும் கூடும். ஆல்ப்சின் அரசன் எனப் போற்றப்படும் நீலப்பூச் செடியாகிய எரித்ரிக்கியமோ, இத்தனை நுட்பங்களுக்கும் இணங்காமல் பெரும்பாலோர் கையில் மடிந்தே வருகின்றது.

இவ்வரலாற்றில் மறைத்தற்குரியதன்று ஒரு கறை. காட்சிக்கும் விற்பனைக்கும் மலையிலிருந்து வேரோடு பறித்த செடிகள் எண்ணிறந்தவை. செனீவாவைச் சார்ந்த கோரவோன் என்னும் அறிஞர் இதனைக் கண்டு நொந்து, மலைச்செடிகளைக் காக்க 1883இலேயே சங்கம் நிறுவினார். பறிக்காதீர், விதையால் வளர்ப்பீர் என்று எடுத்துரைத்தார். அவர் தாமும் செடி விற்பனையாளரே என்பதால் அச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி. அரிய உயிரினங்களின் வணிகத்தை வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1975இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் சில செடிகளை எல்லை கடத்துவதற்கு அரசின் இசைவுச் சீட்டு வேண்டியதாயிற்று.

இன்று கழக உறுப்பினர் தம் செடிகளின் விதைகளைத் திரட்டி ஆண்டுதோறும் பகிர்ந்துகொள்கின்றனர். தை மாதக் குளிரில் உறை உறையாக விதைகள் வீடு வந்து சேரும். அவற்றைச் சிறு சட்டிகளில் இட்டு, கல்துகள் பரப்பி, பெயரட்டை செருகி, வேண்டுமென்றே வெளியே உறைபனியில் வைக்கின்றனர். குளிர் பட்டாலன்றி அவற்றுட் பல முளைப்பதில்லை. சில அவ்வேனிலில் முளைக்கும். சில இரண்டாம் ஆண்டில், சில மூன்றாம் ஆண்டில். ஆதலின் முளைக்காத சட்டியை எவரும் உடனே கொட்டிவிடுவதில்லை.