வாக்கேயக்காரரை நேரில் கேட்ட மாலை

பாட்டும் எழுதி, மெட்டும் போட்டு, தானே பாடுபவரை நம் பெரியவர்கள் வாக்கேயக்காரர் என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, பிரான்சில் ஜார்ஜ் பிராசான்ஸ் என்பவர் கிதாரோடு தன் பாட்டைத் தானே பாடுவார் என்று வாத்தியார் சொன்னார். நமக்கு பாபநாசம் சிவன் போல என்று புரிந்துகொண்டேன். சிவனை நேரில் கேட்கும் பாக்கியம் வாய்க்கவில்லை.

வேலை கிடைத்துக் கோவை வந்தேன். எண்பதுகளில் இங்கே எம். பாலமுரளிகிருஷ்ணாவின் கச்சேரி. அலுவலக நண்பர் வர மறுத்துவிட்டார். "ராகத்துக்கு அஞ்சு சுரமாவது வேணுமுங்க. அவரு நாலுலயே பாடறாருங்க" என்றார். பாலமுரளி உருவாக்கிய மகதி ராகத்தைத்தான் சொன்னார். வீணை எஸ். பாலசந்தரே அந்தப் புது ராகங்களை எதிர்த்து வாதாடிய காலம் அது.

நானும் சந்தேகத்தோடுதான் போனேன். ச, க, ப, நி, நாலே சுரம். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. 72 மேளகர்த்தா ராகங்களிலும் கீர்த்தனை செய்தவர், தன் வரியைப் பாடும்போது சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

2005-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு செவாலியே விருது தந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினேன். எத்தனையோ கடிதங்களைத் தபாலுக்கு அனுப்பிய குமாஸ்தா, அதை மட்டும் நாளை நாளை என்று வைத்திருந்தேன். 2016 நவம்பரில் அவர் மறைந்தார். கடிதம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.