இடுப்பு நரம்பு வலியும் இழுவை மருத்துவமும்



பள்ளிப்பட்டிலிருந்து நகரி வழியாகப் புத்தூர் செல்லும் பேருந்தில், கையிலோ காலிலோ கட்டுப் போட்ட பயணியைக் காண்பது அரிதன்று. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்தினின்று பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நகரியும் புத்தூரும் அப்பாலே நின்றுவிட்டன. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றி, எலும்பு முறிந்தோரின் வழியை மறிக்கவில்லை. தமிழ்நாடெங்கும் ‘புத்தூர்க் கட்டு’ என்று பெயர் பெற்ற அம்மருத்துவம், 1881ஆம் ஆண்டளவில் புத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், ராஜு என்னும் பட்டமுடைய குடும்பத்தாரால் தொடங்கப்பட்டதென்பது வழிவழிச் செய்தி. மூலிகைச் சாந்து பூசி, மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுவது அவர்கள் முறை.

எலும்பை இழுத்து நேராக்கிக் கட்டினால் கூடும் என்பதைக் கண்கூடாகக் கண்ட எம் பக்கத்து மக்கள், இடுப்பிலிருந்து கால்வரை குடையும் நரம்பு வலியையும் அவ்வாறே இழுத்துத் தீர்க்கலாம் என நம்பியதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுந்தேன்.

இழுவை நம் நாட்டுக்குப் புதிதன்று. பாகவதத்தில் வரும் திரிவக்கிரை மூன்று கோணல் உடையவள். கண்ணன் அவள் பாதங்களைத் தன் காலால் அழுத்தி, இரு விரலால் மோவாயைப் பற்றி உயர்த்த, அவள் நிமிர்ந்தாள் என்பது கதை. அதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் ஒரு முனையை நிறுத்தி மறுமுனையை இழுப்பதே இழுவை என்னும் இலக்கணத்தைக் கதை சொன்னவர் அறிந்திருந்தார். சுசுருத சங்கிதை முறிந்த எலும்புக்கு இழுத்தல், அழுத்தல், பொருத்துதல், கட்டுதல் என நான்கு செயல்களை வகுக்கிறது. நாம் இன்று சயாட்டிகா என்னும் நோயை அந்நூல் ‘கிருத்திரசி’ எனத் தனியே பேசுகிறது. கிருத்திரம் என்றால் கழுகு; நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்பர்.

கிரேக்க நாட்டில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பிறந்த இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல், நோயாளியைப் பலகையில் கிடத்தி, இரு முனையிலும் உருளை வைத்துக் கயிற்றால் இழுக்கும் பொறியை விவரிக்கிறது. மற்றொரு முறையும் அதிற் காணப்படுகிறது: கூனரை ஏணியிற் கட்டி, ஏணியை உயரத்திலிருந்து விழச் செய்து குலுக்குவது. ஆனால் அம்முறையால் நிமிர்ந்தவர் எவரையும் தாம் அறியவில்லை என்றும், கூட்டத்தை மலைக்கச் செய்ய விரும்புவோரே அதனைப் பெரிதும் கையாள்வர் என்றும் அந்நூலே வெளிப்படையாக உரைக்கிறது. தம் கலையின் குறையைத் தாமே எழுதி வைத்த அந்த நேர்மையை நீங்கள் போற்ற வேண்டும்.

வலி மூட்டினின்றன்றி நரம்பினின்றும் பிறக்கும் என்பதை 1764இல் நேப்பிள்சு நகரத்து மருத்துவர் கோத்துஞோ விளக்கினார். அதன் பின்னும் காரணம் புலப்பட நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின. 1934இல் அமெரிக்காவின் பாசுட்டன் நகரத்து மிக்சுட்டர், பார் என்னும் இருவர், முள்ளெலும்புகளின் இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பலருக்கு இந்நோய் தரக் காரணம் என்று காட்டினர். பிதுங்கியதை இழுத்தால் உள்ளே செல்லாதோ என்ற எண்ணம் உடனே வலுத்தது. இலண்டனில் சிரியாக்சு என்னும் மருத்துவர் இழுவையைப் பெரிதும் பரப்பினார். மருத்துவமனைக் கட்டில்களில் கப்பியும் எடைக்கற்களும் தொங்கின. அங்கே கண்டதை மக்கள் வீட்டிற் செய்யத் தொடங்கினர்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், 1980களில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு இவ்வலி வந்தது. யாரோ சொன்னபடி, கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, அவர் காலிற் கயிறு கட்டி, மறுமுனையில் செங்கற்களைத் தொங்கவிட்டோம். முடிச்சிட்டவன் நானே. மூன்று வாரம் கழிந்தது. முன்பாதம் மரத்துத் துவண்டது. “இழுப்புக்கு நரம்பு இளகுகிறது” என்று நாங்கள் தேற்றினோம். சிறுநீர் பிரியாது போன பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அறுவையால் உயிரும் சிறுநீர்ப்பையும் தப்பின, பாதம் மீளவில்லை. அதன் பின் அவர் செருப்பு நடக்கும்போதெல்லாம் கழன்று விழும். கெடுத்தது செங்கல் என்று கூற மாட்டேன். செங்கலை நம்பி இழந்த நாட்களே கெடுத்தன.

பின்னர் வந்த ஆய்வுகள் என்ன கூறின? நெதர்லாந்து நாட்டார் 183 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்க வைத்தனர்; மறு பிரிவினரை நடமாட விட்டனர். 1999இல் வெளிவந்த முடிவின்படி, பன்னிரண்டு வாரத்தில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தனர். இழுவை பற்றிய பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு, அதனால் பயன் மிகக் குறைவு அல்லது இல்லை என்று 2013இல் அறிவித்தது. இங்கிலாந்தின் மருத்துவ நெறிக் குழு 2016இல் இழுவையை அளிக்க வேண்டா என்றே கூறிவிட்டது. செங்கல் கட்டியோருள் பலர் தேறியதும் இதனால் விளங்கும்: கட்டாதிருந்தாலும் அவர்கள் தேறியிருப்பர். காலம் செய்த வேலைக்குக் கயிறு புகழ் பெற்றது.

ஆகவே, உங்கள் இல்லத்துப் பெரியோர்க்கு இவ்வலி வந்தால், இயன்ற அளவு நடமாடச் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பாதம் துவண்டாலும், இருக்கும் இடம் மரத்தாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

முன்னோர் முறைகளை இகழ்வது வரலாறு கற்றவர்க்கு அழகன்று. ஆராயாமல் ஏற்பதும் அழகன்று. ஏணியைப் பற்றி எழுதிய அந்தக் கிரேக்கரைப் போல, ‘இதனால் நலம் பெற்றவர் எவர்?’ என்று கேட்கப் பழகுங்கள். அக்கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், என் நண்பர் நேராக நடந்திருப்பார்.