மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

டேர்போ காரில எதை முதலில் மாத்திறது எண்டு எங்கட நண்பர்களுக்குள் ஓயாத வாக்குவாதம்: பெரிய டேர்போவா, இன்டர்கூலரா, ஈசியூ மென்பொருளா? விடையின் பாதி யாழ்ப்பாணத்து வரலாற்றிலேயே கிடக்கிறது.

1990இல் போர் மீண்டும் தொடங்க, பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாயிற்று. அப்போது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினார்கள். அதன் ஒக்டேனும் குறைவு. அழுத்தம் கூடினால் நேரங்கெட்டுத் தானாகவே பற்றி, இயந்திரம் 'நொக்' அடிக்கும். பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவு; அதனால் தாக்குப்பிடித்தன.

டேர்போ செய்வது நேர்மாறு: காற்றை அழுத்தித் திணிக்கிறது, காற்றும் சூடாகிறது. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது எரிபொருள், 92ஆ 95ஆ எண்டு. அடுத்தது இன்டர்கூலர். பிறகு அவற்றுக்கேற்ற ஈசியூ. பெரிய டேர்போ கடைசிதான்.

நாங்கள் வேகத்துக்காக மாத்திறம். அண்டைக்கு மாத்தினது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க. அந்த மெக்கானிக்மார் பலர் இப்ப முதியவர்கள். அவர்களின் கைப்பக்குவம் எழுத்தில் அதிகம் இல்லை. அடுத்தமுறை கராச்சுக்குப் போகேக்க, அதையும் கேட்டு எழுதி வைப்பம்.