கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு பாட்டில் மார்மைட்டும்

"மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்!"

நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் கர்ப்பிணிக்கு அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரிடமும் கிடைக்கும் பதில் இது ஒன்றுதான். தலை சுற்றுகிறதா? அப்படித்தான். நாக்கு புண்ணாகி ரசம் கூட எரிகிறதா? அப்படித்தான். பத்து நிமிஷம் அடுப்படியில் நின்றால் கால் நடுங்குகிறதா? அதுவும் அப்படித்தான். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியும் சோர்வு போகவில்லை என்றால் வசனம் மட்டும் கொஞ்சம் மாறும். "பச்சை உடம்பு, அப்படித்தான்!"

இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கண்டுபிடித்த ஒரு பெண்மணியின் கதைதான் இது. பம்பாயில் ஆரம்பித்து, குன்னூர் வழியாக, சென்னை திருவல்லிக்கேணி வரை வருகிற கதை. நம்மூரில் நடந்தும் நம்மில் பலருக்குத் தெரியாத கதை.

முதலில் அந்தப் பாதி உண்மை. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் திரவப் பகுதி (பிளாஸ்மா) சுமார் 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடுகிறது. சிவப்பணுக்களும் கூடத்தான் செய்கின்றன, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. 20, 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் ரசத்தில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். அளவு கூடும், காரம் குறையும். அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயற்கை. கொஞ்சம் களைப்பும் இயற்கை.

சிக்கல் எங்கே என்றால், இயற்கையான களைப்பும் நோயின் களைப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டுக்கும் "அப்படித்தான்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தால், இரண்டாவது வகைப் பெண் பிரசவ மேஜையில் செத்துப்போவாள். 1920களின் பம்பாயில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

பம்பாயின் ஏழைப் பெண்களில், குறிப்பாகப் பஞ்சாலைத் தொழிலாளர் மத்தியில், பிரசவத்தை நெருங்கும் மாதங்களில் கடுமையான ரத்தசோகை வந்தது. முகம் வெளுக்கும், நாக்கு புண்ணாகும், சிலருக்கு வயிற்றுப்போக்கு நிற்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் குறைவாக இருக்கும், இருப்பவையும் இயல்பை விடப் பெரிதாக இருக்கும். இந்த ரத்தத்தோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணால் சாதாரண ரத்தப்போக்கைக் கூடத் தாங்க முடியாது.

மார்கரெட் பால்ஃபோர் என்ற பெண் மருத்துவர் அப்போது இந்தியாவில் பேறுகால மரணங்களைப் பற்றிய ஆய்வை முன்னெடுத்துக்கொண்டிருந்தார். இந்த ரத்தசோகையை ஆராய அவர் லண்டனிலிருந்து வரவழைத்த ஆள்தான் லூசி வில்ஸ்.

வில்ஸ் பிறந்தது 1888இல். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவியியலும் படித்து 1911இல் தேர்வை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை! பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க கேம்பிரிட்ஜ் 1948 வரை ஒத்துக்கொள்ளவில்லை. (அறிவாளிகள் ஊர் என்று பெயர்.) பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920இல் மருத்துவர் ஆனார். கிளினிக் வைத்து சம்பாதிக்காமல் ஆராய்ச்சிப் பக்கம் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1928இல், நாற்பது வயதில், பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் கிருமியைத் தேடினார், ரத்தத்தைப் பார்த்தார். எந்த மருத்துவரும் செய்திருக்கக்கூடியதுதான். அதற்கு மேல் அவர் செய்ததுதான் முக்கியம். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறார்கள், வெயில் படுகிறதா, பால் உண்டா, காய்கறி உண்டா, பழம் உண்டா என்று ஒரு கணக்கெடுப்பே நடத்தினார். மேத்தா, தல்படே என்ற இந்திய உதவியாளர்கள் கூட இருந்து வேலை செய்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. காலனி ஆட்சிக் காலத்தில் இது குறிப்பிட வேண்டிய விஷயம்.

கணக்கெடுப்பில் தெரிந்தது இதுதான். சாப்பாடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு ரத்தசோகை. காய்கறி, பழம், பால் எட்டாத ஏழை இஸ்லாமியப் பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே காற்று... ஆனால் தட்டில் இருப்பது வேறு.

இனி அதை நிரூபிக்க வேண்டுமே. அதற்காக 1929இல் குன்னூர் போனார். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசனின் ஊட்டச்சத்து ஆய்வகம் இருந்தது. (பல மாகாணத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்து, சீக்கியர் சாப்பாடுதான் உசத்தி, மதராஸ்காரன் சாப்பாடு மட்டம் என்று அறிவித்தவர் இதே மெக்காரிசன்தான்!) வில்ஸ் பம்பாய்ப் பெண்களின் சாப்பாட்டை ஒத்த உணவைக் கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கு ரத்தசோகை வந்தது, பல எலிகள் குட்டி போடும் முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் தடுக்க முடிந்தது. ஆனால் பிறகுதான் தெரிந்தது, எலிகளின் பேன் வழியாகப் பரவும் ஒரு தொற்றும் இதில் கலந்து குழப்பிவிட்டது என்று. இப்படி ஒரு சறுக்கல் வந்தால் பலர் மூட்டை கட்டியிருப்பார்கள். அவர் குரங்குகளுக்கு மாறினார். குரங்குக்கும் அதே சாப்பாடு, அதே ரத்தசோகை. குணமாக்கியது எது தெரியுமா? மார்மைட்!

இலங்கையில் இருப்பவர்களுக்கு மார்மைட்டை அறிமுகப்படுத்தவே வேண்டாம். மற்றவர்களுக்கு: பீர் தயாரித்து முடித்ததும் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கிற, கருப்பாக, கெட்டியாக, உப்புக் கரிக்கிற ஒரு விழுது. 1902 முதல் இங்கிலாந்தில் விற்பனையில் இருக்கிறது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்குக் குமட்டும் :)

அந்தக் காலத்தில் ரத்தசோகைக்கு இன்னொரு வைத்தியம் பிரபலமாக இருந்தது. ஈரல். பெர்னீஷியஸ் அனீமியா என்ற உயிர்க்கொல்லி ரத்தசோகையை ஈரல் குணமாக்குகிறது என்று 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர் காட்டினார்கள் (1934இல் விப்பிளோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது). பம்பாய்ப் பெண்களுக்கும் ஈரல் வேலை செய்தது. ஆனால் ஈரல் சாற்றின் விலை என்ன, அந்தப் பெண்களின் வருமானம் என்ன? சைவம் சாப்பிடும் பெண்களுக்கு ஈரலை எப்படிக் கொடுப்பது? மார்மைட்டில் இந்த இரண்டு பிரச்சினையும் இல்லை.

1931இல் வில்ஸ் சென்னையில் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் கடற்கரையை ஒட்டி இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியில். ஆண் மருத்துவர் முன்னால் வர மறுத்த பெண்களுக்காக 1885இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. இப்போது பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் "கோஷா ஆஸ்பத்திரி" என்றால்தான் சட்டென்று புரியும்.

மார்மைட் கொடுக்கப்பட்ட பெண்களின் ரத்தத்தில் சில நாட்களிலேயே புதிய சிவப்பணுக்கள் வரத் தொடங்கின. நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது. படுக்கையை விட்டு எழ முடியாமல் இருந்தவர்கள் எழுந்தார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளியிட்டார். மார்மைட்டில் இருப்பது என்ன பொருள் என்று அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதனால் அதற்கு "வில்ஸ் காரணி" என்றே பெயர் வந்துவிட்டது.

1937-38இல் மறுபடியும் பம்பாய் வந்தார். அந்தக் காலகட்டத்தில் இன்னொரு முக்கியமான விஷயத்தையும் கண்டுபிடித்தார். நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு பெர்னீஷியஸ் அனீமியாவைக் குணமாக்கியது, ஆனால் இந்தப் பெண்களைக் குணமாக்கவில்லை. சுத்திகரிக்காத மட்டமான ஈரல் சாறு இரண்டு நோயையும் குணமாக்கியது! அப்படியானால் ஈரலில் இருப்பது ஒரு மருந்தல்ல, இரண்டு. (ஒன்று பி12 என்று 1948இல் தெரிந்தது.) இன்னொன்றை 1941இல் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நாலு டன் பசலைக் கீரையிலிருந்து பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம். அதனால் ஃபோலிக் ஆசிட்.

நாலு டன் கீரையை வைத்துக்கொண்டு உலகத்துக்கு மாத்திரை போட முடியாதே. ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்க வேண்டும். 1945இல் அதைச் செய்து காட்டியது அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தின் குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் எல்லப்ரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர், தானும் அதே நோயில் விழுந்து எழுந்தவர். அந்த ஸ்ப்ரூவுக்கும் ஃபோலிக் ஆசிட் மருந்தானது என்பதைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொஞ்சம் விசித்திரம். ஃபோலிக் ஆசிட் என்றால் இன்று எல்லோருக்கும் ஞாபகம் வருவது குழந்தையின் முதுகுத்தண்டு. 1991இல் ஏழு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தால் முதுகுத்தண்டுக் குறைபாடு திரும்ப வருவது 72 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. கருவின் நரம்புக்குழாய் சுமார் 28 நாளில் மூடிக்கொள்ளும். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே உறைத்திருக்காது. அதனால்தான் முன்கூட்டியே மாத்திரை. ஆனால் விளம்பரங்களில் எல்லாம் குழந்தை மட்டும் சிரிக்கிறது. இந்த மருந்து முதன்முதலில் தேடப்பட்டது குழந்தைக்காக அல்ல, எழுந்து நிற்க முடியாத அம்மாவுக்காக என்பது காணாமல் போய்விட்டது.

அம்மா இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறாள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) 50.4 சதவீதம். இறங்கவில்லை, ஏறியிருக்கிறது! இத்தனைக்கும் இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த மாத்திரையை 1970 முதல் அரசு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று கேட்டால் வில்ஸ் செய்த மாதிரி வீட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஏற்கனவே மசக்கையில் தண்ணீர் கூட நிற்காத வயிறு. அதில் இரும்பு மாத்திரை விழுந்தால் குமட்டல். அப்புறம் மலச்சிக்கல். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயம் வேறு (அது உறிஞ்சப்படாத இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை). மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பொய். இதையெல்லாம் தாண்டி விழுங்குகிற பெண், கசப்புக்கு மேல் ஒரு டம்ளர் டீ குடிப்பாள். டீயில் இருக்கும் டானின், இரும்பை உடம்பில் சேர விடாது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் ஆசிட்டில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். இதை யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொன்னால்தானே தெரியும்?

பிரசவம் முடிந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ரத்தம் போயிருக்கும், தையல் வலிக்கும், ராத்திரி முழுக்க விழிப்பு, தாய்ப்பாலோடு சத்தும் போகும். உடம்புக்கு எல்லாம் வேண்டிய அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் பத்தியம். பூண்டும் லேகியமும் உண்டு, ஆனால் கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, பயறு வாயு என்று பட்டியல் நீளும். பம்பாயில் காசில்லாமல் தட்டில் விழாத அதே பொருட்கள், இங்கே காசிருந்தும் தட்டில் விழாது.

குழந்தை பிறந்த பிறகும் 180 நாட்கள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதுதான் இப்போதைய அரசுத் திட்டத்தின் கணக்கு. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தடுப்பூசி அட்டை பத்திரமாக பீரோவுக்குப் போகும். அது குழந்தையுடையது. சிவப்பு மாத்திரை அட்டை ஜன்னல் ஓரத்தில் தைல பாட்டிலுக்குப் பின்னால் நாலு மாத்திரை குறைந்து கிடக்கும். அது அம்மாவுடையது.