ஊர்ந்து படர்ந்த ஒரு பெயர்

பாம்பைக் குறிக்க நாம் சொல்லும் 'சர்ப்பம்' வடமொழியின் 'ஸ்ருப்' என்னும் வேரிலிருந்து வந்தது. ஊர்தல் என்பது அதன் பொருள். அந்த வேரின் உறவுச் சொற்கள் இலத்தீனில் 'செர்போ', கிரேக்கத்தில் 'ஹெர்போ'. வடமொழியில் சொல்முதலில் வரும் ஸகரம் கிரேக்கத்தில் ஹகரமாக நிற்கும். 'சப்த' அங்கே 'ஹெப்தா' ஆவதைப் போல. அக்கியை மருத்துவர்கள் 'ஹெர்பிஸ்' என்பதும் தோலில் ஊர்ந்து பரவுவதால்தான்.

இந்த வேரில்தான் ஒரு சிறு மூலிகையின் பெயரும் முளைத்தது: கிரேக்கத்தில் ஹெர்புல்லோஸ், இலத்தீனில் செர்பில்லும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைத் 'தைமஸ் செர்பில்லும்' என்று பதிந்தார், படரும் தைம். முன்பாதியான 'தைம்' புகையெழப் படையலிடுவதைக் குறித்த கிரேக்க வினையோடு தொடர்புடையது என்பர். புகையைக் குறிக்கும் நம் தூமமும் தூமகேதுவும் அந்த வழியில் அதற்கு உறவு.

பெயர் செடிக்கு எவ்வளவு பொருத்தம்! தண்டு மண்ணோடு கிடந்து ஓடும். கணுவுக்குக் கணு வேர்விடும். விரல் நீளத்துக்கு மேல் எழுவது அரிது. கோடையில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துத் தேனீக்களை அழைக்கும். வளமான மண் இதற்கு ஆகாது. உயரமான புல் நிழல் விழுந்தால் நலிந்துவிடும். ஆடும் முயலும் மேய்ந்து மொட்டையாக்கிய மணல்வெளிதான் இதன் வீடு. சுவீடனின் ஏலாந்து தீவில் உண்டு. பிரிட்டனிலோ நார்ஃபோக், சஃபோக் பகுதிகளின் பிரெக்லாந்து மணற்பரப்பில் மட்டும்.

முதலாம் நூற்றாண்டு உரோமரான பிளினி இதை நுட்பமாகக் கவனித்திருக்கிறார். ஊர்வதால் வந்த பெயர் இது, ஆனால் ஊர்வது பாறைகளில் வளரும் காட்டுச் செடியே. தோட்டத்தில் வைத்தது ஊராமல் கையளவு நிமிர்ந்துவிடும் என்கிறார். அந்த ஒரு குறிப்பை நான் பல அகராதிகளுக்கு மேலாக மதிப்பேன். பெயரிட்டவர்கள் மலைச்சரிவைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

செக் மக்கள் படர்வதைப் பார்க்கவில்லை. 'மாதெர்ஷீடௌஷ்கா', தாயின் உயிர் என்றார்கள். இறந்த தாயைத் தேடிக் கல்லறைக்கு வந்த பிள்ளைகளுக்காக அவள் உயிரே பூவாகத் திரும்பியது என்பது கதை. அச்சொல்லின் முற்பகுதி நம் 'மாதா'வுக்கு உறவு.

இமயச் சரிவுகளில் வளரும் இதன் நெருங்கிய இனத்தைப் பழைய இந்தியத் தாவர நூல்கள் செர்பில்லும் என்றே குறித்தன. அங்கே அதன் பெயர் 'பன் அஜ்வாயன்', காட்டு ஓமம். ஓமம் வேறு குடும்பம். ஆனால் இரண்டின் மணத்திலும் தைமால் என்னும் வேதிப்பொருள் உண்டு. மூக்கு இட்ட பெயரும் சரியான பெயர்தான்.

இன்று நாற்றுப்பண்ணைகள் செர்பில்லும் என்று விற்பவற்றில் பல வேறு இனங்கள், கலப்பினங்கள். வாங்குமுன் பூந்தண்டைப் பாருங்கள்: நாலு பக்கமும் மயிர் சீராக இருந்தால் செர்பில்லும், எதிரெதிரான இரு பக்கங்களில் மட்டும் இருந்தால் அது வேறு இனம்.