நிதிக் கல்வி பயன்தர: கணக்கோடு சட்டமும் வேண்டும்

1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டது. அத்தகைய வங்கித் தொழிலை வளர்த்த நகரத்தார், வட்டிக் கணக்கை வகுப்பறையில் கற்கவில்லை. வட்டிக்கடையில் ‘பெட்டியடிப் பையனாக’ அமர்ந்து, கண்முன் எழுதப்படும் கடன்களிலிருந்தே கற்றனர். அந்தப் பயிற்சி சாதிக்குள்ளேயே கைமாறியது. நிலமற்ற தலித் குடும்பங்களோ வட்டியைக் கடனாளிகளாகவே அறிந்தன.

இன்றைய நிதிக் கல்வி முகாம்கள் பெரும்பாலும் சேமிப்பு, காப்பீடு என்று பொதுவாகப் பேசி முடிகின்றன. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் ஆகியோர் 201 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, மக்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாடுகளில் 0.1 விழுக்காட்டையே இத்தகைய கல்வி விளக்குகிறது என்றது. குறைந்த வருமானத்தினரிடம் விளைவு இன்னும் குறைவு. பிந்தைய ஆய்வுகள் கூடுதல் பயனைக் காட்டினாலும், முடிவெடுக்கும் தருணத்தில் கற்பிக்க வேண்டும் என்னும் அவர்களின் பரிந்துரை இன்றும் பொருந்துகிறது.

தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலித்தால், வட்டி 15 விழுக்காடு போலத் தோன்றும். கைக்கு வந்ததோ 8,500. அசலும் நாள்தோறும் குறைகிறது. ஆண்டுக் கணக்கில் வட்டி ஏறத்தாழ 120 விழுக்காடு.

இந்தக் கணக்கோடு சட்டத்தையும் கற்பிக்க வேண்டும் என்கிறோம். தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கான நுண்கடனில், மாதத் தவணைகள் அனைத்தும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது. இவை ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகள். முதலில் கடன் நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட்டும் தீர்வு கிட்டாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், வழிகாட்டுதலுக்கு 14448.

முன்பணம் கொடுத்து உழைப்பைப் பிணைத்திருந்தால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தக் கடனையே இல்லாததாக்குகிறது. பட்டியல் சாதியினரை அவ்வாறு பிணைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம்.

கல்வி மட்டும் கடன் தேவையைப் போக்காது. தாட்கோவும் கூட்டுறவு வங்கிகளும் உரிய நேரத்தில் கடன் தரவேண்டும். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு: சேரியில் ஒருவர் கையெழுத்திடும் முன் கடன் அட்டையை வாங்கிப் படித்து, மொத்த வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பின் வரும் பாடம் காலம் கடந்தது.